ஒஸாகாவில் ஓர் இரவு விருந்து



தொழில் நிமித்தமாக வெளிநாடு சென்று வருபவர்கள், அங்கே கண்ட கோபுரங்களையும் பாலங்களையும் கடைவீதிகளையும் பற்றி நம்மிடம் விரிவாகப் பேசுவார்கள். இரவில் தங்களுக்கு அளிக்கப்பட்ட விருந்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவர்களும், “சாப்பாடு நமக்கு ஒத்துவரவில்லை” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த விருந்தைத்தான். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பொறியாளராகவோ, கணக்கராகவோ, வணிகராகவோ கடல் கடந்து செல்லக்கூடும். பகலில் நடக்கும் கூட்டத்துக்குக் கல்லூரி உங்களை ஆயத்தம் செய்துவிடும். மாலை ஆறு மணிக்குமேல் நடப்பதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் இல்லை.

கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று கற்பிக்கும் புத்தகங்கள் பல உண்டு. அவற்றைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எனினும், எல்லா நாட்டுக்கும் பொதுவாகப் பத்து விதிகளை ஒப்பித்துவிட்டுப் போவதைவிட, நான் அறிந்த ஒரு நகரத்தில் ஒரே ஓர் இரவில் நடந்ததைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

அந்த நகரம் ஜப்பானிலுள்ள ஒஸாகா. பழைய நாளில் அதற்கு ‘நாட்டின் சமையலறை’ என்று ஒரு பெயர் இருந்தது. பிரபுக்களின் நாடுகளிலிருந்தெல்லாம் அரிசி மூட்டைகள் படகேறி அங்கேதான் வந்து குவிந்தன. டோஜிமா என்னும் இடத்தில் இருந்த அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டில் ஷோகுன் அரசு அங்கீகாரம் வழங்கியது. பின்னால் கைக்கு வரப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசி முடிக்கும் வாணிபம் அங்கே முறையாக நடந்தது. இப்படிப்பட்ட ஊரில் வியாபாரமும் சாப்பாடும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருப்பதில் வியப்பில்லை. நகரத்தை அடுத்துள்ள கிழக்கு ஒஸாகாவில் சிறு தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு தெருவில் திருகாணி செய்வார்கள். அடுத்த தெருவில் அதற்கு முலாம் பூசுவார்கள். அங்குள்ள சிறு தொழிலதிபர்கள் கூடி உருவாக்கிய ‘மாய்தோ’ என்ற சிறு செயற்கைக்கோள் 2009ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்டது. ‘மாய்தோ’ என்பது ஒஸாகா வியாபாரிகள் வாடிக்கைக்காரரைக் கண்டால் சொல்லும் உபசார வார்த்தை. கோயம்புத்தூர்க்காரனாகிய எனக்கு அந்த ஊர் முதல் நாளே பழகிய ஊர்போலத் தோன்றியதற்கு அந்தப் பட்டறைத் தெருக்களே காரணம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நான் அங்கே சென்றேன். நான் வேலை செய்தது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறையில். பவுண்டரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். பம்புகளுக்கு வேண்டிய இரும்புக் கூடுகளை வார்த்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒஸாகாவில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியார் எங்களிடம் மாதிரிகள் வாங்கிச் சோதித்துப் பார்த்திருந்தனர். நெடுங்கால ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்ளலாமா என்பதே பேச்சு. உள்ளூரில் ஆர்டர்கள் மெலிந்திருந்த நேரம் அது. இந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் எங்கள் பட்டறையில் இரவு ஷிஃப்டை நிறுத்தவேண்டியிருக்கும். அந்த ஷிஃப்டில் வேலை செய்தவர்களின் முகங்களை எண்ணிக்கொண்டேதான் நான் விமானம் ஏறினேன். என்னுடன் எங்கள் பட்டறையின் இளம் பொறியாளர் ஒருவரும் வந்தார். வயது இருபத்தாறு. வார்ப்பில் விழும் காற்றுப்புரை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர். புலால் உண்ணாதவர், மதுவைத் தொடாதவர்.

மூன்று நாள் பேசினோம். வரைபடங்களை விரித்தோம், எடை கணக்கிட்டோம், விலை சொன்னோம். அவர்கள் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாலை, “நன்கு ஆலோசிக்கிறோம்” என்றார்கள். மொழிபெயர்க்க வந்திருந்த அம்மையார் வெளியே வந்ததும் மெல்ல என்னிடம், “இந்தச் சொல்லை ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்” என்றார். ஜப்பானியர் கூட்டத்தில் வைத்து முடிவு செய்வதில்லை. முன்னதாகவே தனித்தனியே பேசிச் செய்த முடிவைக் கூட்டத்தில் அறிவிப்பார்கள். இதற்கு அவர்கள் ‘நெமவாஷி’ என்று சொல்கிறார்கள். ஒரு மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதற்கு முன்பு, வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவம் செய்வதற்குத் தோட்டக்காரர் வைத்த பெயர் அது. எங்கள் விஷயத்தில் எந்த வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. விலையா, எடையா, கப்பல் வந்துசேரும் காலமா? அன்றிரவு ஏழு மணிக்கு எங்களுக்கு விருந்து ஏற்பாடாகியிருந்தது.

விருந்துக்குள் நுழையுமுன் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மவர் பலர் இடறும் இடம் அதுதான். ஜப்பானுக்குச் செல்லும் சைவ உணவினர், “நான் இறைச்சி உண்பதில்லை” என்று மட்டும் சொன்னால் மீன் வந்து சேரும். மீனும் வேண்டாம் என்றால், காய்கறி வரும். ஆனால் அந்தக் காய்கறி வெந்தது மீன் சாற்றில்தான். அவர்களுடைய சமையலுக்கு அடித்தளம் ‘தஷி’ என்னும் தெளிந்த சாறு. அதைப் பெரும்பாலும் கடற்பாசியையும், உலர்த்திப் புகையூட்டிய சூரைவகை மீனைச் சீவிய செதிலையும் இட்டு இறக்குவார்கள். நாம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் இறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் அது இருப்பதால், அதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும் என்றே சமைப்பவருக்குத் தோன்றாது. ஆகையால் நான் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே கடிதம் எழுதிவிட்டேன். வருகிறவர் இருவர், ஒருவர் இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் உண்ணமாட்டார், மீன் சேர்ந்த சாறும் ஆகாது, பால் ஆகும், பூண்டு, வெங்காயம் ஆகும். இவ்வளவுதான் எழுதினேன். காரணம் எழுதவில்லை. விருந்து கொடுப்பவருக்கு வேண்டியது பட்டியல்; சமய விளக்கம் அல்ல.

இதனால் அவர்களுக்குத் தொல்லை கொடுத்தோம் என்று எண்ணவேண்டாம். மீனில்லாத சமையல் ஜப்பானுக்குப் புதிதன்று. கி.பி. 675இல் டென்மு என்னும் பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டில் சில மாதங்களுக்கு உண்ணலாகாது என்று தடை விதித்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் நாற்கால் விலங்கின் இறைச்சி அந்நாட்டில் பொதுவாக விலக்கப்பட்டே இருந்தது. பேரரசர் மெய்ஜி 1872இல் மாட்டிறைச்சி உண்டதை உலகறியச் செய்த பிறகே அது நாகரிக உணவாயிற்று. மீனையும் விலக்கிய சமையல் பௌத்த மடங்களில் வளர்ந்தது. ‘ஷோஜின் ரியோரி’ என்று அதற்குப் பெயர். டோகென் என்ற துறவி 1237இல் மடைப்பள்ளிப் பொறுப்பாளருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதையும் கீரை ஆய்வதையும் தவத்தின் பகுதியாகக் கருதியவர் அவர். ஒஸாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலேறினால் அடையக்கூடிய கோயா மலையின் மடங்களில் இன்றும் யாத்திரிகருக்கு இந்த உணவைப் படைக்கிறார்கள். எள்ளை அரைத்து மாவுடன் காய்ச்சி உறையவைத்த ஒரு பண்டம் அங்கே பிரசித்தம். நம் வீட்டு அல்வாவின் பதம், இனிப்பு மட்டும் இல்லை.

மீனில்லாமல் சுவை எப்படி வரும் என்று கேட்பீர்கள். ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலிருந்து வரும். நம் மாட்டுக் கொம்புக்கும் அதற்கும் உறவில்லை. பலகை போன்ற கரும்பச்சை இலை அது. 1908இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் கிகுநே இகெதா, அந்தப் பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமிக் அமிலத்தின் உப்பு என்று கண்டறிந்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்காத அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டவரும் அவரே. அடுத்த ஆண்டே அந்த உப்பு கடைக்கு வந்துவிட்டது. நம் ஊர்த் தள்ளுவண்டிக் கடைகளில் சோற்றின் மேல் தூவும் அஜினோமோட்டோ என்ற வெள்ளைத் தூளின் பூர்விகம் இதுதான்.

எங்கள் கடிதத்தைப் பார்த்து அவர்கள் தேடிப் பிடித்த உணவகத்தில், அந்த ஒருவருக்காக மட்டும் கொம்பும் உலர்ந்த காளானும் இட்டுத் தனிச் சாறு இறக்கியிருந்தார்கள். அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டவில்லை. நான் கேட்டபின்பே தெரிந்தது.

வாசலில் காலணிகளைக் கழற்றினோம். இந்தப் பழக்கத்தில் நாமும் அவர்களும் ஒரே வீட்டார். உள்ளே ததாமி என்னும் கோரைப்பாய் பரப்பிய அறை. ஒரு பக்கச் சுவரில் மாடம் போல் குழிந்த இடம்; அதில் ஓர் ஓவியச் சுருளும் ஒற்றைச் சாமந்திப் பூவும் இருந்தன. அந்த மாடத்துக்கு அருகில், வாயிலுக்குத் தொலைவில் இருக்கும் இடமே உயர்ந்த இடம். வாயிலை ஒட்டிய இடம் கடைசி இடம். நாம் பணிவு காட்டுவதாக எண்ணிக் கதவோரம் உட்கார்ந்துவிட்டால், ஒரு வரிசையே குலைந்து எல்லோரும் எழுந்து நிற்கவேண்டியதாகும். காட்டிய இடத்தில் அமர்வதே அங்கே பணிவு. விருந்தளித்த கம்பெனியின் தலைவர் எனக்கு எதிரே அமர்ந்தார். அவருக்கு அடுத்து, அவர்களுடைய தொழிற்சாலை மேலாளர், அறுபது வயது கடந்த பெரியவர், எங்கள் இளைஞருக்கு எதிரே அமர்ந்தார். மூன்று நாள் கூட்டத்திலும் இந்தப் பெரியவர் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார். அவர்களில் மிகவும் இளையவர் கதவோரம் அமர்ந்து, உணவு கொண்டுவரச் சொல்வதும் குறைவு நிறைவு பார்ப்பதுமாக இருந்தார். அன்று சரியாகச் சாப்பிடாதவர் அவர் ஒருவரே என்று நினைக்கிறேன்.

உள்ளே போகுமுன் எங்கள் இளைஞர் என் காதருகே வந்து, “சார், நான் குடிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டார்.

“அறிவிக்க வேண்டாம், தம்பி. கேட்டால் சொல்லுங்கள். சொன்ன பிறகு சும்மா இருக்காதீர்கள், பெரியவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

இதை விளக்கவேண்டும். ஜப்பானிய விருந்தில் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவருடைய கிண்ணம் குறைந்தால் நாம் நிரப்பவேண்டும். நம்முடையதை அவர் நிரப்புவார். மூத்தவருக்கு ஊற்றும்போது இரண்டு கையாலும் குப்பியைப் பிடிக்கவேண்டும். அவர் ஊற்றும்போது நாம் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தவேண்டும். எல்லோருக்கும் நிரம்பி, தலைவர் எழுந்து சில வார்த்தை சொல்லி, ‘கம்பாய்’ என்று கிண்ணத்தை உயர்த்தும் வரையில் யாரும் அருந்தமாட்டார்கள். கிண்ணத்தில் இருப்பது அரிசி மதுவா, பீரா, வெறும் தேநீரா என்பது இதில் இரண்டாம் பட்சம். கவனிக்கப்படுவது கை. மது வேண்டாம் என்று மறுப்பவரை அவர்கள் குறைவாக நினைப்பதில்லை. குடியில் கலந்துகொள்ளாததோடு, ஊற்றுவதிலும் ஏந்துவதிலும் கலந்துகொள்ளாமல் கைகட்டி அமர்ந்திருப்பவரிடம்தான் அவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் போகிறது.

மறுப்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். ஜப்பானியரிலேயே பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு, மது உடம்பில் மாறி உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை முறிக்கும் நொதி பிறவியிலேயே வலிமை குன்றியிருக்கிறது. ஒரு கிண்ணத்துக்குள் அவர்கள் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அந்த நாட்டுச் சட்டப்படி இருபது வயது நிரம்பாதவர் அருந்தலாகாது. வயதுவந்தோர் என்ற தகுதியை 2022இல் பதினெட்டாகக் குறைத்தபோதும் இந்த வயதைக் குறைக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரோடு, ஓட்டப்போகிறார் என்று அறிந்தே மது கொடுத்தவரையும் அந்த வண்டியில் உடன் சென்றவரையும் தண்டிக்கும் பிரிவுகளை 2007இல் சேர்த்தார்கள். ஆகவே, “நான் அருந்துவதில்லை” என்று சொன்னாலே போதும். எங்கள் இளைஞர் அதைத்தான் சொன்னார். உடனே அவருக்கு ஊலாங் தேநீர் வந்தது. எதிரே இருந்த பெரியவர் அந்தத் தேநீர்க் குவளையைத் தாமே இரண்டு கையாலும் எடுத்து, மதுவை வார்ப்பது போலவே மரியாதையுடன் இளைஞரின் கிண்ணத்தில் வார்த்தார். இளைஞர் முழந்தாளிட்டு எழுந்து ஏந்திக்கொண்டார். பிறகு பீர்க் குப்பியை எடுத்துப் பெரியவருக்கு ஊற்றினார். வாழ்நாளில் அந்தக் குப்பியைத் தொட்டறியாத கை. நுரை பாதிக் கிண்ணத்துக்குப் பொங்கிற்று. பெரியவர் உரக்கச் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து நாங்கள் கண்டது அப்போதுதான்.

உணவு ஒவ்வொன்றாக வந்தது. ஒரே இலையில் எல்லாவற்றையும் பரிமாறி ஒரே பார்வையில் காணும் நமக்கு இது பொறுமையைச் சோதிக்கும். சிறு கிண்ணத்தில் இரண்டு வாய்க் கீரை. பிறகு தெளிந்த சாறு. எங்களுக்கு மீன் வந்தபோது இளைஞருக்குச் சோயாக்கட்டி. கத்தரிக்காயைப் பிளந்து மேலே மீஸோ பூசி வாட்டியது. தாமரைக் கிழங்கையும் காளானையும் மாவில் தோய்த்துப் பொரித்தது. சோறு கடைசியில்தான் வரும், ஊறுகாயுடனும் மீஸோ சாற்றுடனும். சோறு வந்துவிட்டால் விருந்து முடியப்போகிறது என்று பொருள். முதலிலேயே, “சோறு எங்கே?” என்று கேட்பது, வந்தவுடன் விடைபெறுவதற்கு ஒப்பாகும்! குச்சிகளைப் பற்றி இரண்டே செய்தி: சோற்றில் அவற்றைச் செங்குத்தாகக் குத்தி வைக்கலாகாது, இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றலாகாது, தகனம் செய்தபின் எலும்புகளை அப்படித்தான் எடுத்து மாற்றுவார்கள். மற்றப் பிழைகளைப் புன்னகையோடு மன்னித்துவிடுவார்கள்.

உண்ணத் தொடங்கும்போது ‘இததகிமஸு’ என்கிறார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். முடித்ததும் ‘கொச்சிஸோ-ஸமா’ என்கிறார்கள். அதில் உள்ள ‘சிஸோ’ என்ற பகுதிக்கு ஓடித் திரிதல் என்று பொருளாம். விருந்தினருக்காக நான்கு திசையும் ஓடிப் பொருள் சேர்த்தவரே, உங்களுக்கு நன்றி என்பது அதன் கருத்து. நம் வீட்டுக் கல்யாணத்தில், “ஓடியாடி எல்லாம் செய்தார்” என்று மாமாவைப் பாராட்டுகிறோமே, அதே எண்ணம்.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். முதல் ஒரு மணி நேரம் தொழிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மழை, ரயில், கோயா மலையின் இலையுதிர்காலம், எங்கள் ஊரில் நவம்பரில் பெய்யும் மழை, மருதமலை. தலைவருக்குப் பேரன் பிறந்திருந்தான். புகைப்படம் சுற்றி வந்தது. நான் உள்ளூரத் தவித்துக்கொண்டிருந்தேன். விலையைக் கொஞ்சம் குறைக்கலாமே, இப்போது சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை நாக்கு நுனி வரையில் வந்தது. மொழிபெயர்த்த அம்மையார் அதை எப்படி அறிந்தாரோ, “இன்னும் சோறு வரவில்லை” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

இரண்டாம் மணி நேரத்தில் தலைவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, “இனி மரியாதை வேண்டாம்” என்ற பொருளில் ஏதோ சொன்னார். ‘புரெய்கோ’ என்பார்களாம். மேல் கீழ் என்ற வரிசையை அந்த நேரத்துக்கு எடுத்து வைத்துவிட்டு மனத்தில் உள்ளதைப் பேசலாம் என்ற அனுமதி. அனுமதி கிடைத்தது என்று அளவு மீறிவிடக்கூடாது; மறுநாள் காலையில் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கும்.

அப்போது பெரியவர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கின்றன?” என்று கேட்டார்.

“நான்கு ஆண்டு” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் பொதுவாகப் பேசுவது போலச் சொன்னார். ஒரு பம்புக் கூட்டின் மாதிரி அச்சு பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு உழைக்கும். அந்த அச்சுக்கென்று ஒரு குணம் உண்டு. எந்த மூலையில் இரும்பு சுருங்கும், மழைக்காலத்தில் மணல் எப்படி மாறும் என்று அதோடு பழகியவருக்குத்தான் தெரியும். வேறு ஊர்களில் அவர்கள் இருமுறை கொள்முதல் செய்தார்களாம். இரண்டிலும், அச்சை அறிந்தவர் போனதும் வார்ப்பும் கெட்டதாம். “விலை பேசலாம், கப்பல் பேசலாம். மனிதரைப் பற்றி எப்படிப் பேசுவது?” என்றார்.

நண்பர்களே, மூன்று நாளாக நான் தேடிய வேர் அதுதான். என் எதிரில் வைத்து, “இவருக்கு வயதாகிவிட்டது; இவருக்குப் பின் யார்?” என்று கூட்டத்தில் கேட்பது அவர்கள் மரபில் இயலாத காரியம். தேநீரும் பீரும் இடம் மாறி ஊற்றப்பட்ட பிறகே அந்தக் கேள்விக்கு வாய் பிறந்தது.

நான் இளைஞரைக் காட்டி, “இவர் காற்றுப்புரையைப் பற்றி நாளை காலை உங்களிடம் பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றேன். பெரியவர் மறுநாளுக்குக் காத்திருக்கவில்லை. கைதுடைக்கும் ஈரத் துணியை மேசையில் பம்புக் கூடு போல மடித்து வைத்து, “இங்கே சுருங்கினால் என்ன செய்வீர்?” என்று கேட்டார். இளைஞர் ஒரு குச்சியை எடுத்து, இரும்பு நுழையும் வாயை எங்கே மாற்றவேண்டும் என்று காட்டினார். இருவருக்கும் பொது மொழி இல்லை. மொழிபெயர்த்த அம்மையார் வார்ப்புத் தொழிலின் சொற்கள் தெரியாமல் விழித்தார். அவர்கள் அவரை எதிர்பார்க்கவும் இல்லை. அதற்கிடையில் சோறு வந்து ஆறிப்போயிற்று.

இந்த வழக்கத்தை நான் முழுக்கப் புகழ்வதாக நினைக்கவேண்டாம். அலுவலக நேரம் முடிந்த பிறகு நடக்கும் விருந்துக்கு வராதவரை வேண்டாதவராக எண்ணும் கொடுமை இதில் உண்டு. வீட்டில் குழந்தை காத்திருக்கும் தாய்மார் முடிவெடுக்கும் வட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது இதனால்தான். மேலதிகாரி ஊற்றியதை மறுக்க அஞ்சி உடம்பைக் கெடுத்துக்கொண்ட இளைஞரும் உண்டு. இப்படிக் குடிக்க வற்புறுத்துவதற்கு ‘அருஹரா’ என்று ஒரு கண்டனச் சொல்லே இன்று ஜப்பானிய மொழியில் வழங்குகிறது. 2020இல் பெருந்தொற்று வந்து விருந்துகள் நின்றபோது, நிம்மதியாக மூச்சு விட்ட இளைஞர்கள் பலர். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். பெரியவரின் கேள்வியைப் பகலில், தேநீர் வேளையில், எல்லோரும் இருக்கும்போதே கேட்க ஒரு வழி பிறந்தால் நல்லதுதான். அந்த வழி பிறக்கும் வரையில், இரவு விருந்தில் உங்கள் இடம் காலியாக இருக்கவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

விருந்து கைதட்டலோடு முடிந்தது. ஒஸாகாவுக்கே உரிய முறை அது. ஒருவர் சொல்லிக் கொடுக்க, எல்லோரும் நின்று இரண்டு தட்டு, மறுபடி இரண்டு தட்டு, பின் மூன்று தட்டு. எங்கள் இளைஞர் கடைசியில் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டார். வாயிலில் வெகுமதிப் பணம் எதுவும் வைக்கலாகாது. அந்நாட்டில் அது வழக்கமில்லை. எங்கள் வண்டி தெருமுனை திரும்பும் வரையில் அவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். மறுநாள் காலை அவர்கள் அலுவலகத்துக்குப் போனதும், முதல் வார்த்தையாக முந்தின இரவுக்கு நன்றி சொன்னோம். இதையும் மறக்கலாகாது.

ஒப்பந்தம் உடனே கையெழுத்தாகவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாங்கள் கேட்டது ஆறு அச்சுகள்; அவர்கள் கொடுத்தது இரண்டு. இரவு ஷிஃப்டு நிற்காமல் இருக்க அது மட்டாகப் போதுமானதாக இருந்தது. கடிதத்தோடு வரைபடங்களும் வந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பொறுப்பாளர் பெயர் எழுதும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு வரி போட்டு, மேல் வரியில் என் பெயரை அச்சிட்டிருந்தார்கள். கீழ் வரியை வெறுமையாக விட்டு, இளைஞர் தம் கையாலேயே எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.